மாவிலைப் பொடியை நம்பாத மெகர் மேடம்

மெகர் மேடம் இறந்த செய்தி வேலைக்குப் போகும் ரயிலில் எனக்கு வந்தது. வண்டி பொன்னேரியைத் தாண்டிவிட்டிருந்தது. போனில் அவருடைய கணவர் காதர் பாயின் பெயரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "போய்ட்டா செல்வம்" என்றார். பின்னால் பெண்கள் ஓதுகிற சத்தம் கேட்டது. உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கவரைப்பேட்டையில் இறங்கினேன். எங்கள் ஆலையில் பேக்கிங் பிரிவில் இருக்கும் முருகனும் கூடவே இறங்கினார். எதிர்ப்பக்க வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "அவ்ளோ மருந்து அவங்க கைவழியாத்தான் போச்சு. அவங்களுக்கே ஒதவலயே சார்."

மேடம் உயிரோடு இருந்திருந்தால் அந்த பிளாட்பாரத்திலேயே முருகனை நிற்க வைத்து, அது மருந்து இல்லை என்று பொறுமையாக விளக்கியிருப்பார். முருகனும் தலையாட்டியிருப்பார். நம்பியிருக்க மாட்டார்.

அவரோடு வேலை பார்த்தவர்களும், பொன்னேரியில் அவருடைய தெருக்காரர்களும் படிப்பார்கள் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெகருன்னிசா பழவேற்காட்டில் பிறந்தவர். அவருடைய வாப்பா இறால் வியாபாரி. வேதியியல் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இலை, பட்டைகளிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்கும் எங்கள் ஆலைக்கு வந்து, பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளராக ஆனவர். நான் பிரித்தெடுக்கும் பிரிவில் ஷிப்ட் பார்த்தேன். என் தொட்டிகளிலிருந்து வருவது அவருடைய மேசைக்குப் போகும். அவர் சரி என்று சொன்னால்தான் சரக்கு லாரி ஏறும்.

எங்கள் முக்கியமான சரக்கு மாவிலை. மாதர்பாக்கம், சத்தியவேடு பக்கத்துத் தோப்புகளில் கழித்த கிளைகளின் இலை காய்ந்து மூட்டை மூட்டையாக வரும். எரிசாராயமும் தண்ணீரும் கலந்த கலவையில் அதைச் சூடாக்கி, வடித்து, சுண்டவைத்து, ஆறவிட்டால் அடியில் வெளிர் மஞ்சளாக ஒன்று படியும். அதன் பெயர் மாங்கிஃபெரின். முதல் தடவை அது நல்ல சுத்தமாகப் படிந்த அன்று மேடம் எங்களையெல்லாம் பரிசோதனைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குடுவையின் அடியில் ஊசி ஊசியாக மஞ்சள் மினுங்கியது. "பேர்லயே நம்ம மாங்கா இருக்குது பாரு" என்றார். ஒரு குழந்தையை முதல்முறை தூக்கியவர் முகம் போல இருந்தது அவருடைய முகம். மரம் எதற்காக இதை உண்டாக்குகிறது என்று யாரோ கேட்டார்கள். பூச்சியும் பூஞ்சையும் தாக்காமல் தன்னைக் காத்துக்கொள்ள என்று நினைக்கிறார்கள் என்றார். "அது தனக்குன்னு பண்ணி வச்சிக்குது. நமக்குன்னு பண்ணல. அத மறந்துடக் கூடாது."

நாங்கள் மறந்துவிட்டோம்.

சரக்கு இரண்டு தரத்தில் போகும். பழுப்புப் பொடி ஒன்று, அதில் மாங்கிஃபெரின் குறைவு. இன்னொன்று ஏறக்குறைய முழுக்க மாங்கிஃபெரின். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு என்பதால் அதை ஆலையில் எல்லாரும் 'தொண்ணூத்தஞ்சு' என்றே சொல்வார்கள். அது பரிசோதனைக் கூடத்து அலமாரியில் பூட்டி இருக்கும். வெளிநாட்டுக்கு டப்பா டப்பாவாகப் போகும். பழுப்புப் பொடியை உள்ளூரிலேயே விற்கலாம் என்று ஒரு கட்டத்தில் நிர்வாகம் முடிவு செய்தது. சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்று டப்பாவின் மேல் போட வேண்டும் என்றார் விற்பனை மேலாளர். மேடம் கையெழுத்துப் போட மறுத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கியது உண்மைதானே என்று மேலாளர் வாதாடினார். மேடம் சொன்ன பதில் ஆலை முழுக்கப் பரவியது. "எலிக்கு எறங்குச்சு சார். எலி கல்யாண பிரியாணி துன்றதில்ல, மாத்திரைய நிறுத்துறதும் இல்ல."

எல்லாரும் சிரித்தோம். டப்பாவின் மேல் 'சர்க்கரை அளவு சீராக இருக்க உதவக்கூடும்' என்று வந்தது. யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'கூடும்' என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் படிக்கவில்லை.

உலர்த்தும் பிரிவில் ஏழுமலை என்று ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா காலம் வரை கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். ஏழுமலை ஆலைக்கு வந்து நிரந்தர வேலைக்காரர் ஆனவர். உழைப்பாளி, வாயும் ஜாஸ்தி. சர்க்கரை அதிகமாகி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். உலர்த்தியைத் திறக்கும்போது பறக்கிற பழுப்புப் பொடி அவருடைய சட்டைக் காலர், காது மடல், புருவம் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். அந்தப் பொடியில் தினமும் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் உடம்பு லேசாக இருக்கிறது என்றார். பரிசோதித்துப் பார்த்தபோது சர்க்கரையும் இறங்கியிருந்தது. அப்போதுதான் அவர் காலை நடையும் தொடங்கியிருந்தார், ராத்திரிச் சோற்றையும் விட்டிருந்தார். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊசியை நிறுத்திவிட்டேன் என்று கேன்டீனில் சந்தோஷமாகச் சொன்னார்.

மேடம் அவரைத் தேடி உலர்த்தும் பிரிவுக்கே போனார். நானும் கூட இருந்தேன். அவர் திட்டவில்லை. பக்கத்தில் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து, கூடப் பிறந்தவரிடம் பேசுவது போலப் பேசினார். பொடி தின்கிறதாக இருந்தால் தின்று தொலை, ஊசியை மட்டும் விடாதே என்றார். "இதுல எவ்ளோ இருக்குதுன்னு என்னால சொல்ல முடியும் ஏழுமலை. உன் ஒடம்புல போய் இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

ஏழுமலை சிரித்தார். "ஒங்களுக்குத் தெரியாததா மேடம்" என்றார்.

அதுதான் சிக்கல். அவர் எவ்வளவு தெரியாது என்று சொன்னாரோ அவ்வளவு அதிகமாக, ஏதோ தெரிந்துகொண்டு மறைக்கிறார் என்று நினைத்தார்கள்.

ஏழுமலைக்குக் காலில் ஷூ கடித்துப் புண் ஆனது. ஆறவில்லை. அதற்கும் பொடியைக் குழைத்துப் பூசினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலை எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள், அதன் பிறகும் விஷம் ஏறிக்கொண்டே போய், வீட்டுக்குத் திரும்பி வராமலே இறந்தார்.

சாவுக்கு மேடமும் நானும் போனோம். கவரைப்பேட்டைக்கு உள்ளே இருக்கிற ஊர். மேடத்தைப் பார்த்ததும் ஏழுமலையின் மனைவி தேவகி எழுந்து வந்தார். அழுதபடி வந்து கட்டிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தேவகி அழவில்லை. தாழ்ந்த குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்த தொண்ணூத்தஞ்சுல ஒரு கரண்டி குடுத்திருந்தா எங்க ஊட்டுக்காரரு பொழைச்சிருப்பாரும்மா. அவருக்குக் கழிச்சதுதான் கெடைச்சுது. நல்லத பூட்டி வச்சிக்கினீங்களே."

மேடம் தேவகியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்ப் பெண்கள் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது ஆட்டோவில், உண்மையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இன்னான்னு சொல்றது செல்வம்? ஊசிய நிறுத்தி அவரே செத்தாருன்னா? அதக் கேட்டுட்டு அந்தப் பொண்ணு ராத்திரி எப்புடிப் படுக்கும்?" என்றார்.

அதற்குப் பின் ஆலையில் அவரைப் பார்க்கிற கண்கள் மாறின. வணக்கம் குறையவில்லை, பேச்சு குறைந்தது. அவர் விடவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனில் நின்று பேசினார். சொந்தமாக ஒரு சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கி வந்து, சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக விரலில் குத்திப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தியவர்களைக் கண்டுபிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். உலர்த்தியின் அடியில் கூட்டி எடுக்கிற பொடி மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் வரக்கூடிய ஆபத்தை எழுதி ஒட்டச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்டார். நிர்வாகம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. பொடியை வெளியே எடுத்துச் செல்வது திருட்டு, பிடிபட்டால் வேலை போகும் என்று அதில் இருந்தது. மறுநாளிலிருந்து பொடிக்கு இன்னும் கிராக்கி. வேலை போகும் அளவுக்கு அதில் என்னவோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அவருடைய பேச்சைக் கேட்டு மாத்திரைக்குத் திரும்பியவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மணி. அவர் மாத்திரையோடு பொடியையும் சேர்த்தே சாப்பிட்டார். இன்றும் நன்றாக இருக்கிறார். பொடியால்தான் என்கிறார்.

மேடத்துக்கு வயிற்றுவலி வந்தபோது முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையில் பார்த்தபோது கணையத்தில் புற்று, பரவிவிட்டது என்றார்கள். அவரே அறிக்கையைப் படித்து, அவரே எங்களுக்கு விளக்கினார். சரக்கைத் தள்ளுபடி செய்யும்போது எங்களிடம் காரணம் சொல்வாரே, அதே குரல். ஒளிக்கவில்லை, அழவும் இல்லை. வேலையிலிருந்து நின்று பொன்னேரி வீட்டில் படுத்தார்.

காதர் பாய் பொன்னேரி பஜாரில் பெயிண்டும் பைப்பும் விற்கிற கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாத மனிதர். மனைவியின் படிப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் ஏறும். ஒரு நாள் என்னைக் கடைக்கு வரச்சொன்னார். ஆள் இளைத்துப்போயிருந்தார். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, என் பக்கம் குனிந்து, "அந்த தொண்ணூத்தஞ்சு கொஞ்சம் கெடைக்குமா செல்வம்?" என்று கேட்டார்.

மேடத்திடமே போய்ச் சொன்னேன். தலையணையில் சாய்ந்து படுத்திருந்தவர் சிரிக்கப் பார்த்தார், வலித்தது போலிருக்கிறது, நிறுத்திக்கொண்டார். மேலாளரிடம் கேட்டு எடுத்துக்கொண்டு வா என்றார். மேடம், நீங்களா இப்படிச் சொல்கிறீர்கள் என்றேன்.

"அது ஒண்ணும் பண்ணாது. நல்லதும் பண்ணாது, கெட்டதும் பண்ணாது. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஆனா நான் குடிச்சா இவரு தூங்குவாரு. தூங்கி எத்தினி நாளாச்சோ தெரியல."

காலாவதியாகி அழிக்க வைத்திருந்த மாதிரிகளில் ஒரு டப்பாவைக் கேட்டு, மேடத்தோடு டப்பா வாசகத்துக்காக மல்லுக்கு நின்ற அதே விற்பனை மேலாளரிடம் போனேன். அவர்தான் இப்போது ஆலை மேலாளர். ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கதவுவரை வந்து, "இது கேக்கும்யா. கண்டிப்பா கேக்கும். மேடத்த நம்பிக்கையோட சாப்பிடச் சொல்லு" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. சரக்கு விற்பதற்காக அவர் அந்த வரியைக் கேட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவரும் நம்பியிருக்கிறார்.

அதற்குப் பிறகு பல காலை நேரங்களில், வேலைக்குப் போகும் வழியில் பொன்னேரியில் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போவேன். காதர் பாய் வெந்நீர் டம்ளரில் அந்த மஞ்சள் பொடியைப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பூனால் கலக்குவார். மாங்கிஃபெரின் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் அது உடம்புக்குள் சேர்வதே கடினம் என்று மேடம் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். காதர் பாய்க்கு அது தெரியாது. பொடி மேலே மிதக்கும், சுழலும், அடியில் போய்ப் படியும். அவர் மறுபடியும் கலக்குவார். தேன் விட்டுப் பார்ப்பார். வெந்நீரை மாற்றிப் பார்ப்பார். கை வலித்தால் கையை மாற்றிக்கொள்வார். மேடம் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வாழ்நாளெல்லாம் கண்டவரிடமெல்லாம் உண்மையைச் சொல்லிச் சலிக்காத அந்தப் பெண் அந்த டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கரைந்துவிட்டது என்று காதர் பாய்க்குத் தோன்றும்வரை பொறுத்திருந்து, வாங்கி, அடியில் இருப்பது தொண்டையில் ஒட்டாதபடி ஒரே மூச்சில் குடிப்பார். பிறகு அவர் பக்கம் பார்த்து, "நல்லாருக்கு" என்பார்.

நடுவில் சில நாள் கஞ்சி உள்ளே இறங்கியது. காதர் பாய் எனக்குப் போன் செய்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. முகத்தில் களை வந்துவிட்டது, எழுந்து ஜன்னல் வரை நடந்தாள், தொண்ணூற்றைந்து வேலை செய்கிறது என்றார். அன்று போனபோது மேடம் என்னைக் கிட்டே கூப்பிட்டார். வலிக்கு மருந்தை மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் என்றார். "இவரண்ட சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. மேடம் பிறகு எழுந்திருக்கவும் இல்லை.

அடக்கம் அவர் இறந்த அன்று மாலையே பழவேற்காட்டில் நடந்தது. ஆலையிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். தேவகி வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்த்தவனும் நான் ஒருவன்தான். மண் போட்டு முடித்து ஆண்கள் கலைந்த பிறகு, காதர் பாயோடு பொன்னேரி வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன்.

அப்போது அவருடைய தூரத்து உறவுக்காரர் ஒருவர், ஆரம்பாக்கத்தில் செருப்புக் கடை வைத்திருப்பவர், தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். துக்கம் விசாரித்தார். தன் அம்மாவுக்கும் வயிற்றில் கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். பிறகு, மெகர் குடித்த அந்தப் பொடியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

காதர் பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது நடந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். டப்பாவைக் கொண்டுவந்து அந்த மனிதருடைய கையில் வைத்தார். "நல்லா கலக்கிக் குடுங்க. சட்டுனு கரையாது. நாங்க லேட்டா ஆரம்பிச்சிட்டோம்" என்றார்.

அந்த மனிதர் பைக்கை எடுக்கும்வரை நான் பின்னாலேயே போனேன். டப்பாவைப் பிடுங்கவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை. இது கட்டியைக் கரைக்காது, ஆஸ்பத்திரி மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன். மெகர் மேடமே இதை நம்பவில்லை என்றும் சொன்னேன். "சரிங்க" என்றார். எல்லாரும் தலையாட்டுவது போலவே தலையாட்டினார். டப்பாவைச் சட்டைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆலையில் இப்போது புதிதாக ஒருவர் மேடத்தின் நாற்காலியில் இருக்கிறார். நல்ல பையன், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறான். இலை மூட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளூர் டப்பாவில் அந்தக் 'கூடும்' போய்விட்டது. 'உதவும்' என்று வந்திருக்கிறது.

அவரைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு மெகர் மேடத்தை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தும், எதிரில் இருப்பவர்மேல் துளி கோபம் இல்லாமல், இருப்பதை இருப்பதாகச் சொல்கிற அவருடைய அந்தப் பழக்கம். மணியைத் தவிர, அதனால் யாரும் பிழைத்து நான் பார்க்கவில்லை. பிழைப்பார்கள் என்று அவரும் கடைசியில் நினைத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னார்.

ஆரம்பாக்கத்துக்காரரின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா என்று கேட்பதற்காக நேற்றும் போன் செய்தேன். எடுக்கவில்லை. இன்று சாயங்காலம் மறுபடி செய்வேன்.